‘ஜின்செங் கொடி’ என்று வாங்கியது அதுதானா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ‘பிரேசில் ஜின்செங்’ என்று வாங்கிய கொடி நன்றாக ஏறிவிட்டது. கீரைக் குடும்பம்தான், வேரைப் பொடித்துப் பாலில் கலந்து குடிக்கலாம் என்கிறார் விற்றவர். நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேரைத் தோண்டாதீர்கள், கொடியைப் பாருங்கள்.

பிரேசில் ஜின்செங் எனப்படும் செடியின் தாவரவியல் பெயர் ஹெபாந்தே எரியாந்தா. பழைய நூல்களில் ஃபாஃபியா பானிகுலாட்டா என்றிருக்கும். பிரேசில் காடுகளில் மரங்கள்மேல் சாய்ந்து ஏறும், சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி கிடையாது. உங்கள் கொடி பற்றுக்கம்பியால் பிடித்திருந்தால் அது வேறு செடி. அதோடு ஒரே காம்பில் ஐந்து சிற்றிலையும் இருந்தால், ஜின்செங் பெயரிலேயே விற்கப்படும் ஜியாவோகுலானாக இருக்கலாம். அது பூசணிக் குடும்பம்.

அடுத்து இலை. கணுவுக்கு இரண்டு, எதிரெதிராக, ஓரத்தில் வெட்டில்லாமல் நுனி கூர்ந்திருக்க வேண்டும். கணுவுக்கு ஒற்றை இலை, அதுவும் சதைப்பற்றாக, தண்டே முறுக்கிக்கொண்டு ஏறினால் கொடிப்பசலை. உள்ளூர் மார்க்கெட்டில் பசளெ சொப்பு என்று கட்டுக்கட்டாகக் கிடைப்பதுதான்.

எதிரிலை என்பது இந்தச் செடிக்கான அடையாளமே தவிர, குடும்பத்துக்கே உரியது அல்ல. நாம் தினம் ஆயும் தண்டுக்கீரைக்கே மாற்றிலைதான், அதாவது கணுவுக்கு ஒன்று. நம் நாட்டு மலைக்காடுகளில் ஏறும் டீரிஞ்சியாவும் இதே குடும்பம். அதற்கும் மாற்றிலை, பழம் சிவப்பு. ஆகவே ‘கீரைக் குடும்பம்’ என்று விற்பவர் சொல்வதால் எதுவும் உறுதியாகாது. அசல் ஜின்செங்கோ அராலியேசி என்ற வேறு குடும்பம்; பிரேசில் ஜின்செங்குக்கும் அதற்கும் உறவே இல்லை.

உறுதியாகச் சொல்ல பூ வேண்டும். கிளை நுனியில் கிளைத்த கொத்தாக, பொடிப்பொடியாக வெளுத்த பூக்கள். முற்றினால் பஞ்சுபோல் ரோமம் தெரியும்.

பொடியைத் தண்ணீரில் குலுக்கி, நுரை வருகிறது பாருங்கள் என்று காட்டினால் ஏமாறாதீர்கள். சபோனின் என்ற நுரைப்பொருள் இருந்தால் நுரைக்கும், சீயக்காயும் நுரைக்கும். பொடியிலும் ஒரே குடும்பத்து ஃபாஃபியா குளோமெராட்டாவை இதே பெயரில் விற்கிறார்கள். பிரேசில் ஜின்செங் வேர்த்தூளைச் சுவாசித்து ஆஸ்துமா வந்ததும் பதிவாகியிருக்கிறது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வேண்டும் என்று மத்திய அரசின் 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையே சொல்கிறது. ஆனாலும் தாவரவியல் பெயர்கூட இல்லாமல் ஆன்லைனில் செடி விற்க முடிகிறது; தட்டிக்கேட்க யாருமில்லை. நீங்களாவது பெயரையும் செடி வந்த வழியையும் எழுத்தில் கேளுங்கள்.

பூத்ததும், இரண்டு கணுவாவது உள்ள கிளையை நறுக்கிச் செய்தித்தாள் நடுவே வைத்து அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள், இல்லையேல் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்ததும் உலர்தாவரத் தொகுப்பு வைத்திருக்கும் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டுங்கள்.