பழச்சாறு விரதத்தின் முழுப் பலனைப் பெறுவது எப்படி?

ஓரிரு நாள்கள் திட உணவை விலக்கிப் பழம், காய்களின் சாற்றை மட்டும் அருந்துவதே பழச்சாறு விரதம். கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டுவோரிலும் சிலர் இவ்வாறு இருப்பதுண்டு.

உணவு நின்றதும் உடல் முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. அச்சேமிப்பின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அது கரையும்போது நீரும் வெளியேறி, எடை சட்டெனக் குறைகிறது. கொழுப்போ வங்கியில் போட்ட பணம் போன்றது. சட்டைப்பையில் உள்ள சில்லறை குறைந்த பிறகே அதில் பெரிதாகக் கை வைப்போம். வடிகட்டிய இனிப்புச் சாற்றை அடிக்கடி குடித்தால் அந்தச் சில்லறை எளிதில் குறைவதில்லை.

ஆகவே சீனி சேர்க்காமல், சக்கையோடு, நீர் கலந்து சிறிது சிறிதாக அருந்துவதே நல்லது (ஜிகர்தண்டா இக்கணக்கில் சேராது). மதுரை வெயிலில் இடையிடையே தண்ணீரும் தேவை. விரதத்தைக் கஞ்சியில் முடிக்கலாம், பிரியாணியில் வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்போர், சிறுநீரக நோயாளர், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது.

சாறு உடலின் நச்சுகளைக் கழுவிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் விரதமில்லாத நாள்களிலும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.