பி.பி. மாத்திரையால் கால் வீக்கம்: கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. மூன்று வருடமாக அம்லோடிபின் 5 மில்லிகிராம் போட்டு வந்தார். போன மாதம் டாக்டர் அதை 10 ஆகக் கூட்டினார். சீட்டில் எழுதிய கம்பெனி இல்லை என்று மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தார்கள். அதிலிருந்து சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. போலி மாத்திரையோ? நிறுத்திவிடலாமா? கடைக்காரர் மேல் புகார் கொடுக்க முடியுமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: கம்பெனி மாறியதை விட்டுவிட்டு, முதலில் அளவு கூடியதைப் பாருங்கள். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினுடன் கூடவே வரும் பழைய தொல்லை. மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது: 5 மில்லிகிராம் போட்டவர்களில் 100க்கு 3 பேருக்கு வீக்கம் வந்தது, 10 மில்லிகிராமில் அது ஏறக்குறைய 11 பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இந்த மருந்து சிறு தமனிகளைத் தளர்த்திவிடுகிறது. சிரைகள் அந்த அளவுக்குத் தளர்வதில்லை. வரும் ரத்தத்துக்கு வழி அகலமாகி, போகும் வழி அப்படியே இருப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நாள் முழுக்க நின்று நடந்தவருக்கு அது காலில்தான் போய்த் தேங்கும். உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், கடையில் கேட்டு வாங்கும் நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. கடைக்காரர் எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் மறுபடி ஏறிவிடும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், வேறு வகைக்கு மாற்றுவார், அல்லது டெல்மிசார்ட்டான் போன்ற இன்னொரு பி.பி. மருந்தைச் சேர்ப்பார். அப்படிச் சேர்த்தால் வீக்கம் குறைவதும் உண்டு. மாற்றிய மறுநாளே கால் வடியவில்லையே என்று பதற வேண்டாம். அம்லோடிபின் உடம்பைவிட்டு வெளியேறச் சில நாட்கள் ஆகும். ஆனால் ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு, நாக்கு, முகம் தடித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்து, போலியா என்ற சந்தேகம். வீக்கம் வருகிறது என்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது! ஆனால் அதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் 'ஏடி', 'ஏஎம்', 'ஹெச்' போன்ற எழுத்துகள் பெரும்பாலும் இன்னொரு மருந்தும் சேர்ந்திருப்பதைக் காட்டும். 'எஸ்-அம்லோடிபின்' என்றும் ஒன்று விற்கிறது. அதில் 2.5 என்பது சாதாரண அம்லோடிபின் 5க்குச் சமம். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் அளவு இரண்டு மடங்காகிவிடலாம்.

சரி, புகார். மருந்தோடு வரும் என்று முன்பே அறிவிக்கப்பட்ட பக்கவிளைவை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கடினம். சீட்டில் இல்லாத மருந்தை மாற்றிக் கொடுத்தது வேறு கதை. பி.பி. மாத்திரை சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய வகை. அந்த வகையில், உள்ளிருக்கும் மருந்து ஒன்றேயானாலும், எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்க 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. தினமும் எல்லா ஊரிலும் நடக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் மருந்து ஆய்வாளரிடம் நீங்கள் புகார் கொடுக்கலாம். விலை குறைவாக வாங்க நினைத்தால், கம்பெனி வைத்த பெயரை விட்டு, உள்ளிருக்கும் மருந்தின் மூலப்பெயரையே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அப்போது தயங்காமல் வாங்கலாம்.

வீக்கத்தைப் பற்றி 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. நோயாளியோ வீட்டாரோ பேசலாம், தமிழிலும் படிவம் உண்டு. இதில் நஷ்டஈடு கிடைக்காது. மருந்தின் பெயர், தொகுதி எண், போடத் தொடங்கிய தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கேள்வி: டாக்டர் மருந்தை மாற்றிவிட்டார். மிச்சமுள்ள அட்டைகளைக் கடையில் திரும்ப வாங்க மறுக்கிறார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்வது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: டாக்டர் மாற்றியதற்காகக் கடைக்காரர் திரும்ப வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டில் எந்தச் சூட்டில் இருந்த மாத்திரை என்று தெரியாமல் அவர் அதை இன்னொருவருக்கு விற்பதும் நல்லதல்ல. மருந்தில் குறை இருந்தால் மட்டும் கதை மாறும். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் அவர் திரும்ப வாங்க வேண்டும். மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அதே சட்டத்தில் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அப்புறம், அடுத்த முறை அரை அட்டை வாங்கும்போது, காலாவதித் தேதி உள்ள பக்கத்தை உங்களுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், தொகுதி எண்ணையும் தேதியையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.