சாத்தானுக்கு மட்டும் கலர் கலக்க வேண்டியதில்ல

அண்ணே வணக்கம்.

ரெண்டு வருசமா நீங்க எழுதுறத வாசிக்கிறேன், நான் எழுதுறது இதான் முதல் தடவ. பேரு போட வேணாம், மதுரைன்னு மட்டும் போட்டுக்கங்க. நாங்க ஆர்சி, ரோமன் கத்தோலிக். மகளுக்கு எட்டு வயசு, மூணாப்பு படிக்கிறா. போன மாசம் ஞாயித்துக்கெழம மறைக்கல்வி வகுப்புல பிள்ளைங்களுக்கு கலர் அடிக்கத் தாள் குடுத்திருக்காங்க, மாதா மடியில குழந்தை சேசு. இவ ரெண்டு பேருக்கும் பிரவுன் அடிச்சுட்டா. நாங்க வீட்ல எல்லாருமே கறுப்புதான், அவ கண்ணுக்கு அம்மான்னா அந்தக் கலரு. டீச்சர் திட்டல்லாம் இல்ல, நல்லவங்கதான், 'இது தப்பும்மா, ஸ்கின் கலர் அடி'ன்னு வேற தாளக் குடுத்து அடிக்க வச்சிருக்காங்க. க்ரையான் டப்பாவுல ஸ்கின் கலர்னா அந்த வெளுத்த ரோஸ்தாண்ணே. வீட்டுக்கு வந்து அந்தக் குச்சியத் தன் கையில வச்சு வச்சுப் பாத்துட்டு 'அம்மா இது யாரோட ஸ்கின்னு'ன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதோட போச்சுன்னு பாத்தா கிறிஸ்மஸ் டிராமாவுல சம்மனசு (தேவதூதர்) வேசம் கேட்டவளுக்கு மூணு ராஜாவுல கறுப்பு ராஜா வேசம், மீசை வரைவாங்களாம்.

சேசு உண்மையில என்ன கலருண்ணே? நான் ஃபாதர்கிட்ட பேசலாமா, இல்ல சின்ன விசயத்தப் பெருசாக்குறேனா? வீட்டுக்காரரு 'சாமிக்கு ஏது கலரு, விடு'ங்கிறாரு.

உங்க தங்கச்சி,
மதுரை

* * *

தங்கச்சிக்கு வணக்கம்.

மொதல்ல உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பதில். சாமிக்குக் கலரு கெடையாதுங்கிறது சரிதான், சுரூபத்துக்கு, அதான் கோயில் சிலைக்கு, உண்டே. ஒருத்தர் ஒக்காந்து டப்பாவத் தொறந்து பிரஷ்ஷ முக்கி அடிச்சாத்தான அது வரும்.

அப்படி அடிக்கிற ஒருத்தர எனக்குத் தெரியும். கீழவாசல் பக்கம் ஒரு சந்துல ரொம்ப வருசமா சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவரு. திருவிழாவுக்கு முந்தி சுத்துப்பட்டு ஊருலருந்தெல்லாம் மாதாவையும் அந்தோணியாரையும் சாக்குல சுத்தி வைக்கோல் வச்சு டெம்போவுல கொண்டாந்து எறக்குவாங்க, கை ஒடஞ்சது மூக்கு பேந்ததுன்னு எல்லாம் வரும், நான் சும்மா போயி ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பேன். ஒரு நா குழந்தை சேசுவுக்கு மொகம் அடிச்சிக்கிட்டு இருந்தாரு. தேங்காச் செரட்டையில வெள்ளை எனாமல், அதுல ஈர்க்குச்சி நுனியால தொட்டு கொஞ்சூண்டு மஞ்சள், ஒரு சொட்டு செவப்பு, கலக்குறாரு, செரட்டை வெளிம்புல தடவிப் பாக்குறாரு, ம்ஹூம்ங்கிறாரு, திரும்ப வெள்ளைய ஊத்துறாரு. அந்தக் கலரு வர்றதுக்குள்ள அர மணி நேரம் ஓடிருச்சு. பக்கத்துலயே ஒரு மிக்கேல் சம்மனசு, காலு சாத்தான் நெஞ்சு மேல. சம்மனசுக்கும் அதே செரட்டைலருந்துதான் அடிச்சாரு. சாத்தான்கிட்ட வந்ததும் எந்திரிச்சுப் போயி ஒரு பிரவுன் டப்பாவத் தொறந்து அப்படியே அடிக்க ஆரம்பிச்சிட்டாரு. அண்ணே இதுக்குக் கலக்கலையான்னேன். "இதுக்கென்னத்தக் கலக்குறது, நேரா டப்பாதான்"னாரு. குடில் மாட்டுக்கும் அதே டப்பாதான்.

அவரும் நம்ம கலருதான். சாத்தான் தோள்பட்டை மேல பிரஷ்ஷோட அவரு கை போகையில எது கை எது சாத்தான்னு ஒரு நிமிசம் எனக்குப் பிடிபடல, அத அவர்ட்ட சொல்லவும் இல்ல.

மாதாவுக்கு மாநிறமா அடிச்சா என்னன்னு கேட்டதுக்கு, ஒரு தடவ வெள்ளை கொறஞ்சுபோயி லேசா அப்படி வந்துருச்சுன்னாரு. ஊர்ப் பெருசுக வந்து பாத்துட்டு "மாதாவுக்கு என்னய்யா, மஞ்சக் காமாலையா"ன்னு கேட்டுருக்காய்ங்க. ராத்திரியோட ராத்திரியா திரும்ப அடிச்சுக் குடுத்தாராம், பெயிண்டு காசு இவரு கையிலருந்து.

அதனால பாப்பா கேட்டதுக்கு இப்படிச் சொல்லுங்க: அது யாரோட ஸ்கின்னும் இல்ல, செரட்டைல கலக்குனது.

இப்ப சேசு என்ன கலருங்கிற கேள்வி. பைபிள்ல அவரு உயரம், நெறம், மூக்கு முழி எதுவும் கெடையாது. வெளிப்படுத்தல்ல ஒரு காட்சி வரும், வெண்பஞ்சு மாதிரி முடி, சூளைல காய்ச்சுன வெண்கலம் மாதிரி பாதம்னு, ஆனா அது தரிசனம், அத வச்சு போட்டோ எடுக்க முடியாது. ஏசாயாவுல வர்ற துன்பப்படுற ஊழியனத்தான் கிறிஸ்தவங்க சேசுன்னு வாசிக்கிறது, அங்கயும் 'அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை'ன்னுதான் போட்டுருக்கு. எனக்கு இதுல பெரிய சாட்சியாப் படுறது அவரக் காட்டிக் குடுத்த சீடன் யூதாஸ்தான். தோட்டத்துல அவர அடையாளம் காட்ட முத்தம் குடுக்க வேண்டியதாப் போச்சுல்ல? பதினோரு கலிலேயாக்காரங்களுக்கு நடுவுல ஒரே ஒருத்தர் மட்டும் செவப்பா, தோள் வரைக்கும் தங்க முடியோட நின்னிருந்தா முப்பது காசுக்கு ஆளே தேவையில்ல, "அந்தா அந்த வெள்ளக்காரரு"ன்னு தூரத்துலருந்தே கை காட்டிட்டுப் போயிருக்கலாம்.

பழைய படங்கள்லயும் அவரு இப்படி இல்ல. சிரியாவுல துரா யூரோப்போஸ்னு ஒரு எடம், அங்க கி.பி. 235 வாக்குல வரைஞ்ச சுவர்ப்படத்துல சேசு முடக்குவாதக்காரரக் குணமாக்குறாரு, தாடி கூட இல்லாத எளந்தாரி. 2001ல ரிச்சர்ட் நீவ்னு ஒரு இங்கிலாந்துக்காரரு பிபிசிக்காக முதல் நூற்றாண்டு யூத மண்டையோட்ட வச்சு ஒரு மொகம் செஞ்சாரு, அகல மூக்கு, கட்டையா வெட்டுன சுருட்ட முடி, நல்ல மாநிறம். அது சேசு மொகம்னு அவரும் சொல்லல, அந்தக் காலத்து அந்த ஊரு ஆம்பள இப்படி இருந்திருக்கலாம், அவ்வளவுதான். வீட்டு வீட்டுக்குத் தொங்குற அந்தப் பழுப்பு முடி படம் இருக்கே, லேசா மேல பாத்த மாதிரி, பின்னாடி வெளிச்சமா, அது 1940ல வார்னர் சால்மன்னு ஒரு சிகாகோக்காரரு வரைஞ்சது. 50 கோடிப் பிரதிக்கு மேல அடிச்சிருக்காங்க. எங்க அப்பத்தா தலமாட்டுல இருந்ததும் அந்த மொகம்தான், காலண்டர்லருந்து வெட்டி ஃபிரேம் போட்டது, அது சிகாகோன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எறக்கிருக்க மாட்டாங்க. அவங்க அழுததெல்லாம் அந்த மொகத்துக்கிட்டத்தான், அதனால அத எறக்குங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒண்ணு சொல்லவா, சின்ன வயசுல சேசு வெள்ளையா இருக்கிறது எனக்கு ஒரு விசயமாவே படல. அவரு பெரிய எடம், அப்படித்தான் இருப்பாருன்னு விட்டாச்சு. என்னயப் படுத்துனது சாத்தான்தான். எங்க கோயில் மிக்கேல் காலுக்கடியில கெடந்தவன் அச்சு அசல் எங்க பெரிய மாமா. அதே சுருட்ட முடி, அதே ஒதடு, அதே பளபளன்னு முதுகு. மாமா சனிக்கெழமையானா எங்களுக்குப் பரோட்டா வாங்கித் தர்ற மனுசன், பூச முடிஞ்சு அவரு கையப் பிடிச்சிக்கிட்டு அந்தச் சுரூபத்தத் தாண்டி வரும்போது எனக்கு நெசமாவே வெக்கமா இருக்கும், யாரும் பாத்து ஒப்பிட்டுருவாங்களோன்னு. மாமா என்னடான்னா தெனமும் அந்த மிக்கேலுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்துவாரு. அதான் தங்கச்சி, வெள்ள சேசு கூட ஒரு பக்கம் இருக்கட்டும், கறுப்பு யாருக்குப் போயிருக்குன்னு பாருங்க. சாத்தானுக்கு, சவுக்கால அடிக்கிற சேவகனுக்கு. எனக்குத் தெரிஞ்சு நம்ம பக்கத்துக் கோயில்கள்ல கறுப்பா நிக்கிற ஒரே புனிதர் மார்ட்டின் தெ போரஸ், பெரு நாட்டுக்காரரு, அவரு கையில வெளக்குமாறு! அவரு மடத்துல தாழ்மையா கூட்டுனாரு, அதுக்காகத்தான் வச்சிருக்காங்க, வரலாறு தெரியும், இருந்தாலும் இருக்கிற ஒரே கறுப்புப் புனிதர் கையில அதப் பாக்குற பிள்ளைக்கு வரலாறு தெரியாதுல்ல.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா இதே மண்ணுல இது தலகீழா இருந்திருக்கு. 1290கள்ல மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைப்பக்கம் வந்தாரு, அவரு மாபார்னு சொன்ன எடம். அவரு எழுதுறாரு, இங்க பிள்ள பொறந்தா வாரம் ஒரு தரம் நல்லெண்ண தேச்சு இன்னும் கறுப்பாக்குறாங்களாம், கறுப்பா இருக்கிறவனுக்குத்தான் மதிப்பாம், சாமியையெல்லாம் கறுப்பா வரையிறாங்க, பேயப் பனி மாதிரி வெள்ளையா வரையிறாங்கன்னு. கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளுதான், பாதியக் கழிச்சிக்கங்க, மிச்சப் பாதியே போதுமே. அப்புறம் 1544ல நம்ம சவேரியாரு (ஆமா, டிசம்பர் 3க்கு நாம சப்பரம் தூக்குற அதே சவேரியாருதான்) கொச்சியிலருந்து ரோமுக்கு எழுதுன கடிதத்துல, இந்த ஜனங்க தாங்க கறுப்புங்கிறதால கறுப்பத்தான் ஒசத்தின்னு நெனைக்கிறாங்க, அதனால சாமியும் கறுப்பு, எண்ண தடவித் தடவி நாத்தம் வேறன்னு எழுதிருக்காரு. அவருக்கு அது ஒரு குத்தமாப் பட்டுருக்கு. மதுரக்காரனுக்கு இதுல என்ன குத்தம்னே புரியாது, அழகர்கோயில் பதினெட்டாம்படியில நிக்கிறவருக்குப் பேரே கருப்பன், கோபுரத்துக்குள்ள இருக்கிற ஆத்தாளுக்கோ பச்சை. பச்சையா ஒரு அம்மா இருக்க முடியுமான்னு இந்த ஊர்ல ஒருத்தரும் கேட்டதில்ல.

அதுக்காக எல்லாத்தையும் வெள்ளக்காரங்க தலையில கட்டிட்டு நாம தப்பிச்சிர முடியாது. வீரமாமுனிவர் மாதாவுக்குச் சேலை கட்டி பெரியநாயகின்னு பேரு வச்சாரு, இடைக்காட்டூர் கோயில 1894ல ஒரு பிரெஞ்சு சாமியார் ரீம்ஸ் கதீட்ரல் மாதிரி கட்டுனாரு, ரெண்டு வழியும் இருந்திருக்கு. அவங்கள்லாம் போயி எத்தன காலம் ஆச்சு. காமாலையான்னு கேட்டது எந்தத் துரையும் இல்லையே, நம்ம பெருசுக. நம்ம ஆளுக குடுக்குற மணமகள் தேவை வெளம்பரத்த எடுத்துப் பாருங்க, ஆர்சின்னு போட்டு, அதுக்கப்புறம் ஜாதியப் போட்டு, அதுக்கப்புறம் 'சிவந்த நிறம்'. சேசுவுக்கே பொண்ணு பாத்தாலும் அப்படித்தான் கேப்பாய்ங்க போல. அந்தோணியார் போர்ச்சுக்கல்ல பொறந்தவரு, ஓரியூர்ல 1693ல தல வெட்டுப்பட்ட அருளானந்தரும் அந்த ஊர்க்காரருதான், அவங்கள வெள்ளையா வைக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நாசரேத்துத் தச்சருக்கும் அவுக அம்மாவுக்கும் அதே செரட்டைங்கிறதுதான்...

ஒரு வார்த்தையப் பத்தியும் சொல்லிடுறேன், எனக்கு ரொம்ப நாளா உறுத்துறது. பைபிள்ல உன்னதப்பாட்டுல அந்தப் பொண்ணு பேசுவாளே, 'நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்'னு. எபிரேயத்துல அந்த எடத்துல இருக்கிறது ஒரே ஒரு எழுத்து, 'ஆனாலும்'னும் எடுக்கலாம் 'உம்'னும் எடுக்கலாம். கறுப்பாவும் இருக்கேன் அழகாவும் இருக்கேன்னு போட்டுருந்தா முடிஞ்சது சோலி. இருந்தாலும்னு போட்டாச்சு. நம்ம வீட்டுப் பொண்ணு பாக்குற எடத்துல எத்தன தடவ இந்த 'இருந்தாலும்' வந்துருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, கலரு கம்மியா இருந்தாலும் மொகக் களை இருக்கு, கறுப்பா இருந்தாலும் நல்லாப் படிச்சிருக்கு.

கறுப்பு ராஜா விசயம். பைபிள்ல மூணு பேருன்னும் இல்ல, ராஜான்னும் இல்ல, கெழக்கேருந்து ஞானிகள் வந்தாங்க, காணிக்கை மூணு, அவ்வளவுதான். அதுல ஒருத்தர ஆப்பிரிக்க ராஜாவா வரையிறது ஐரோப்பாவுல 15ஆம் நூற்றாண்டுலதான் பரவலாச்சு. அந்தப் படங்கள்ல பெரும்பாலும் நல்ல உடுப்பு போட்டு எடுப்பா நிக்கிறதே அந்த கறுப்பு ராஜாதான், பாப்பாகிட்ட காட்டுங்க, வேசம் போடுறதா இருந்தா அந்த மாதிரி ஒரு அங்கி தச்சுப் போடுங்க. அவரு கையில வழக்கமாக் குடுக்குறது வெள்ளைப்போளம்ங்கிற வாசனைப் பிசின், கறுப்பு ராஜாவுக்கு வெள்ளைப்போளம்னு சொன்னா சிரிப்பா. ஆனா அவ சம்மனசுதான் வேணும்னா சம்மனசுதான் கேளுங்க, நான் சொன்னத வச்சு அவளச் சமாளிக்காதீங்க. சம்மனசுக்கு கலரு இருக்குன்னு எந்த மறைக்கல்வி புத்தகத்துலயும் கெடையாது.

ஃபாதர்கிட்ட கண்டிப்பாப் பேசுங்க, சண்டையா வேணாம். டீச்சர மாட்டி விடாதீங்க, அவங்க சின்னதுல அவங்க தாளையும் யாராச்சும் மாத்திக் குடுத்திருப்பாங்க. அந்த க்ரையான் பேர மட்டும் வகுப்புல சொல்ல வேணாம், ரோஸ்னா ரோஸ்னு சொல்லச் சொல்லுங்கன்னு கேளுங்க, அது ஒரு ஃபாதரால ஒரு அறிவிப்புல முடியிற வேல. உங்க கோயில்ல மிக்கேல் சுரூபம் இருந்து அடுத்த திருவிழாவுக்குப் பெயிண்டுக்குக் குடுத்தாங்கன்னா, சாத்தானுக்கும் கொஞ்சம் கலக்கச் சொல்லணும். உங்க கடிதம் வந்த அன்னைக்கே நம்ம பெயிண்டர் அண்ணனுக்குப் போன் போட்டு, சாத்தானுக்கு ரோஸ் அடிச்சா என்னண்ணேன்னு கேட்டேன். "ஃபாதர் என்னய அடிப்பாரு"ன்னுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் "நீலம் வேணா அடிக்கலாம், ஆனா நீலம் மாதா முக்காட்டுக்குல்ல போகுது"ன்னாரு. இன்னும் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு.

பாப்பா மொதல்ல அடிச்ச தாளு இருக்கா, கிழிச்சுட்டாங்களா? இருந்தா அத ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அந்த பிரவுன அவருகிட்ட காட்டி, செரட்டைல இது வருமாண்ணே, எத்தன சொட்டு ஆகும்னு கேக்கணும்.