செயின் பிரேக்கர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

செயின் பிரேக்கர் என்ற கருவியால் சைக்கிள் செயினைப் பிரிப்பது, சேர்ப்பது பற்றிய கேள்விகளுக்கு அவை வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுவோம். செயினின் தகடுகளைக் கோத்து நிற்கும் சிறு உருக்குத் தண்டை ரிவெட் என்றும், அதைத் தள்ளுவதற்காகக் கருவியின் திருகு முனையில் இருக்கும் தண்டை ஊசி என்றும் எழுதுகிறேன். இரண்டையும் "பின்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், எது எதைத் தள்ளியது, எது உடைந்தது என்பதே விளங்காமல் போய்விடும்.

கேள்வி: முதல்முறையாகச் செயின் பிரேக்கர் வாங்கப்போகிறேன். விரல் நீளத்தில் சிறியதாக ஒன்று இருக்கிறது. நீண்ட கைப்பிடியோடு பெரியதாக இன்னொன்று இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: வீட்டில் வைத்து வேலை செய்வதற்கென்றால் பெரியது, பையில் போட்டுக்கொண்டு போவதற்கென்றால் சிறியது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கைப்பிடி நீளமாக இருந்தால் குறைந்த பலத்தில் நிதானமாகத் திருப்பலாம். நிதானமாகத் திருப்பினால் கோணல் ஏற்படும்போதே கைக்குத் தெரிந்துவிடும். அளவை விட நான் முக்கியமாகப் பார்ப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, ஊசியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்பது. ஊசி என்றைக்காவது வளையும் அல்லது உடையும். மாற்று ஊசி கிடைக்காத கருவி அன்றோடு பழைய இரும்புதான். இரண்டாவது, திருகு தன் மரையில் ஆடாமல் நிற்கிறதா என்பது. பாதி தூரம் திருகிவிட்டு, ஊசியை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூன்றாவது, செயின் உட்காரும் பள்ளத்துக்குப் பின்னால் செயினின் தகட்டை முட்டுக்கொடுத்துத் தாங்கும் சுவர் தடிமனாக இருக்கிறதா என்பது. ஊசியை முழுவதும் உள்ளே திருகி, அந்தச் சுவரிலுள்ள துளையின் நடுவில் அது போய் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டால் பாதிச் சோதனை முடிந்தது.

கேள்வி: என்னிடம் 8 ஸ்பீடு சைக்கிளுக்காக வாங்கிய பழைய கருவி இருக்கிறது. புதிய சைக்கிள் 12 ஸ்பீடு. செயின் எல்லாம் ஒரே அளவுதானே, இதையே பயன்படுத்தலாமா?

பதில்: ஒரு திசையில் பார்த்தால் ஒரே அளவுதான். ரிவெட்டிலிருந்து அடுத்த ரிவெட்டுக்கு உள்ள தூரம் எல்லாச் சைக்கிள் செயினிலும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஸ்பீடு என்பது பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை; அது கூடக்கூட மாறியது அகலம். 7, 8 ஸ்பீடு செயினில் ரிவெட்டின் நீளம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர்; 11 ஸ்பீடில் அது ஏறக்குறைய 5.5 ஆகவும், 12 ஸ்பீடில் 5.3-க்குப் பக்கத்திலும் வந்துவிட்டது. அகலமான செயினுக்காக வெட்டிய பள்ளத்தில் ஒல்லியான செயினை வைத்தால், அதன் பின்தகட்டுக்கும் கருவியின் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். ஊசி தள்ளும்போது ரிவெட் நகர்வதற்கு முன்பாகவே தகடு அந்த இடைவெளிக்குள் பிதுங்கி வளையும். அப்படி வளைந்த தகடு பார்வைக்கு நேராகத்தான் தெரியும். மேடு ஏறும்போதுதான் உண்மையைச் சொல்லும். ஆகவே, உங்கள் கருவி எத்தனை ஸ்பீடு வரை பொருந்தும் என்று தயாரிப்பாளர் குறித்திருப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பயன்படுத்தும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா ஐயா?

பதில்: செயினை முதலில் முன்பக்கத்துச் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்பக்கத்துச் சிறிய பல்சக்கரத்துக்கும் மாற்றி இழுவிசையைத் தளர்த்துங்கள். பழைய ஸ்போக் கம்பி ஒன்றின் இரு முனைகளையும் கொக்கிபோல் வளைத்து, வெட்டப்போகும் இடத்துக்கு இரு பக்கமும் மாட்டிவிட்டால், பிரிந்த செயின் துள்ளி ஓடாது.

பிறகு செயினைக் கருவியின் பின்பள்ளத்தில், அதாவது கைப்பிடிக்குத் தொலைவில் இருக்கும் பள்ளத்தில், அடிவரை அழுத்தி உட்கார வையுங்கள். ஊசி ரிவெட்டின் தலையைத் தொடும் வரை விரல் நுனியால் மட்டும் திருகுங்கள். இங்கே நிறுத்துங்கள். கருவியை முகத்துக்கு நேராகத் தூக்கி, ஊசி ரிவெட்டின் சரியான மையத்தில் நிற்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். இந்தப் பார்வைக்கு ஐந்து நொடி ஆகும். என்னிடம் உடைந்துவந்த ஊசிகளில் பெரும்பாலானவை இந்த ஐந்து நொடியைச் சேமித்தவர்களுடையவை.

அதன் பிறகு திருப்பத் தொடங்கினால் முதலில் கை இறுகும்; ஒரு கட்டத்தில் "டக்" என்று மெல்லிய ஓசையோடு ரிவெட் பிடியை விடும்; அதிலிருந்து திருகு ஒரே சீராகச் சுழலும். அந்த ஓசை வராமல் இறுக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனால் பலத்தைக் கூட்டாதீர்கள். பின்னால் திருப்பி, மறுபடி உட்கார வையுங்கள்.

கேள்வி: இரண்டாவது முறை பயன்படுத்தும்போதே ஊசி உடைந்துவிட்டது. மட்டமான பொருளை விற்று ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் ஊசி முறிந்த இடத்தைப் பாருங்கள். நுனியின் ஒரு பக்கம் மட்டும் சிதைந்திருந்தால், ஊசி ரிவெட்டின் மேல் நிற்காமல் தகட்டின் விளிம்பில் ஏறியிருக்கிறது. மையத்தைப் பார்க்காமல் திருப்பாதீர்கள் என்று மேலே எழுதியது இதற்காகத்தான். திருகின் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவைப்பதும் நல்லது. வறண்ட மரையின் இறுக்கத்தையும் ரிவெட்டின் இறுக்கத்தையும் கையால் பிரித்தறிய முடியாது.

கேள்வி: செயின் பிரேக்கர் இல்லாமல், ஆணியும் சுத்தியலும் வைத்துச் செய்யலாமா?

பதில்: செயினைக் கழற்றிக் குப்பையில் போடுவதற்கு என்றால் செய்யலாம்.

கேள்வி: தம்பி, நான் 30 வருடமாகச் சைக்கிள் பழுதுபார்க்கிறேன். ரிவெட்டை முழுதாக வெளியே தள்ளாமல் கடைசித் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தி, செயினைப் பிரித்து, வேலை முடிந்ததும் அதே ரிவெட்டை உள்ளே தள்ளிவிடுவேன். ஒரு செயினும் அறுந்ததில்லை. அன்றைக்கும் செயின்தான், இன்றைக்கும் செயின்தான். இப்போது எல்லோரும் தனியாகச் செயின் லாக் என்ற இணைப்புக் கண்ணியை வாங்கச் சொல்வது வியாபாரம் இல்லாமல் வேறென்ன?

பதில்: ஐயா, உங்கள் 30 வருட அனுபவத்தை நான் மறுக்கவில்லை, அந்த அனுபவம் எந்தச் செயினில் கிடைத்தது என்று மட்டும் கேட்கிறேன். ஹான்ஸ் ரெனால்டு 1880-இல் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் அடிப்படை இன்றும் அப்படியேதான் இருக்கிறது என்பது உண்மை. கியர் இல்லாத சைக்கிளின் செயினிலும் பழைய 5, 6 ஸ்பீடு செயினிலும் ரிவெட்டின் இரு முனைகளும் தகட்டுக்கு வெளியே நன்றாகவே நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டின் துளைக்குள் இறுக்கமாக நிற்பதே அதற்குப் போதுமான பிடிமானம். அதைத் தள்ளி மீண்டும் உள்ளே ஏற்றினாலும் அந்த இறுக்கத்தில் பெரும்பகுதி மிஞ்சும். நீங்கள் செய்ததும் அதுதான், அது சரியான வேலைதான்.

செயின் ஒல்லியாக ஒல்லியாக, வெளியே நீட்டிக்கொண்டிருக்க இடமில்லாமல் போனது. அதற்கு ஈடாகத் தொழிற்சாலையிலேயே ரிவெட்டின் முனையை நசுக்கி, காளான் தலைபோல் பரப்பிவிடுகிறார்கள். தகட்டைக் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது அந்தத் தலைதான். ஊசி தள்ளும்போது "டக்" என்று கேட்டதாகச் சொன்னேனே, அந்தத் தலை தகட்டின் துளையை உரசிக்கொண்டு பிடியை விடும் ஓசை அது. தலையும் போய், துளையின் விளிம்பும் கொஞ்சம் விரிந்துவிட்ட பிறகு அதே ரிவெட்டை உள்ளே ஏற்றினால், தகட்டைப் பிடித்திருக்க வெறும் உராய்வு மட்டுமே மிச்சம். மிதித்துக்கொண்டே கியர் மாற்றும்போது செயின் பக்கவாட்டில் முறுக்கப்படுகிறது. வெளித்தகடு அந்த முனையிலிருந்து நழுவி விரிகிறது. நீளவாக்கில் இழுபட்டுச் செயின் அறுவது அபூர்வம். இப்படிப் பக்கவாட்டில் தகடு விலகுவதுதான் வழக்கம்.

கேள்வி: அவரே மீண்டும்: அப்படியானால் ரிவெட்டோடு விற்கும் செயின் இருக்கிறதே, அதை மட்டும் எப்படி உள்ளே தள்ளுகிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் தரும் இணைப்பு ரிவெட் தனி ரகம். செயினிலிருந்து தள்ளி எடுத்த பழைய ரிவெட் அல்ல அது. துளைக்குள் புதிதாக இறுகும்படி செய்யப்பட்டது. அதன் முன்னால் கூம்பலான வழிகாட்டி முனை ஒன்று நீண்டிருக்கும். கருவியால் ஏற்றி முடித்ததும் அந்த முனையைக் குறட்டால் ஒடித்துவிட வேண்டும். ஒடியும்போது அது தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். செயினின் ஸ்பீடுக்கு ஏற்ப அந்த ரிவெட் மாறும், ஒருமுறைதான் பயன்படும். அடுத்த முறை செயினை வெட்டும்போது, ஏற்கெனவே அந்த ரிவெட் ஏறிய துளையை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்ட வேண்டும். காம்பாக்னோலோ என்ற இன்னொரு நிறுவனம் தன் 11 ஸ்பீடு செயினுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்றிய ரிவெட்டின் முனையைக் கருவியாலேயே நசுக்கிப் பரப்பச் சொல்கிறது. அதற்கான அமைப்பு சாதாரணக் கருவியில் இல்லை.

ஆக, 9 ஸ்பீடும் அதற்கு மேலும் உள்ள செயின்களைப் பொறுத்தவரை, செயின் பிரேக்கர் பிரிப்பதற்கான கருவி. சேர்ப்பதற்குச் செயின் லாக்கோ புதிய இணைப்பு ரிவெட்டோ வேண்டும். இதில் வியாபாரம் இல்லை என்று சொல்லமாட்டேன். 10 ஸ்பீடும் அதற்கு மேலும் உள்ள செயின் லாக்குகளை ஒருமுறைக்கு மேல் பூட்டக் கூடாது என்று ஷிமானோவும் ஸ்ராம் நிறுவனமும் சொல்வதில் உங்களுக்கு எரிச்சல் வந்தால், அதில் பாதி எனக்கும் உண்டு.

கேள்வி: நான் அந்த ஐயாவின் பக்கம். வழியில் செயின் அறுந்து, கையில் செயின் லாக் இல்லையென்றால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டுமா?

பதில்: பக்கம் எடுக்க வேண்டிய விஷயமே இல்லை. வேறு வழியில்லாதபோது பழைய ரிவெட்டை ஏற்றி, எழுந்து நின்று மிதிக்காமல், கியர் மாற்றாமல் வீடு வந்து சேரலாம். வந்ததும் அந்தக் கண்ணியை வெட்டி எறிந்துவிடுங்கள். அடுத்த முறை அதே செயினுக்குரிய செயின் லாக் இரண்டைப் பையில் வைத்திருங்கள். அவற்றின் எடை ஒரு சாவிகூட இல்லை.

கேள்வி: சேர்த்த இடத்தில் கண்ணி மடங்காமல் விறைத்து நிற்கிறது. பின்னோக்கி மிதித்தால் அந்த இடம் மட்டும் துள்ளுகிறது.

பதில்: ஏற்றும்போது வெளித்தகடு உள்தகட்டை நெருக்கிவிட்டது. உங்கள் கருவியில் கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டாவது பள்ளம் ஒன்று இருந்தால் அது இதற்காகத்தான்: ரிவெட் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் ஊசியை நோக்கி இருக்கும்படி அதில் வைத்து, அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமல் தள்ளி, மடக்கிப் பாருங்கள். அந்தப் பள்ளம் இல்லையென்றால், இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து, மடங்கும் திசைக்குக் குறுக்காக மெல்ல வளைத்து வளைத்து விடுங்கள். ஒன்று மட்டும்: அந்த முன்பள்ளத்தில் வைத்து ரிவெட்டை வெளியே தள்ள முயலாதீர்கள், அதன் சுவர் மெல்லியது, உடைந்துவிடும்.

கேள்வி: செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறார்கள். செயின் பிரேக்கரால் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. செயின் ரப்பர்போல் நீள்வதில்லை. ஒவ்வொரு ரிவெட்டும் அது உரசும் இடமும் தேய்ந்து, ஒவ்வோர் அரை அங்குலமும் கொஞ்சம் கூடிவிடுகிறது. கண்ணியை எடுத்தால் மொத்த நீளம் குறையும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தின் பல்லோடு பொருந்தாமல் அதை அரைத்துக்கொண்டேதான் இருக்கும். அளவுகோலை வைத்து 24 இடைவெளிகளை அளந்து பாருங்கள். புதிய செயினில் அது சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் தேய்மானம் ஏறக்குறைய 0.5 சதவீதம், 11, 12 ஸ்பீடு செயினை அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: புதிய செயினை எந்த நீளத்துக்கு வெட்டுவது?

பதில்: பழைய செயின் சரியான நீளத்தில் இருந்ததென்றால், அதன் கண்ணிகளை எண்ணி அதே எண்ணிக்கை. இல்லையென்றால், கியர் மாற்றும் அமைப்பான டீரெய்லருக்குள் நுழைக்காமல், முன்னும் பின்னும் மிகப் பெரிய பல்சக்கரங்களைச் சுற்றிப் பிடித்து, சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். செயின் லாக் போடுவதென்றால் வெட்டிய இரண்டு முனைகளிலும் உள்தகடு இருக்க வேண்டும். ரிவெட் போடுவதென்றால் ஒரு முனையில் உள்தகடும் மறு முனையில் வெளித்தகடும் இருக்க வேண்டும். இதை மறந்து ஒரு கண்ணி குறைவாக வெட்டிவிட்டு எனக்கு எழுதாதீர்கள். வெட்டியதை நீட்டும் கருவி என்னிடம் இல்லை.

கேள்வி: கியர் இல்லாத சைக்கிளின் செயின் லாக்கில் இருக்கும் கிளிப்பை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது?

பதில்: கிளிப்பை ஒரு மீன் என்று வைத்துக்கொண்டால், செயின் ஓடும் திசையில் தலை முன்னால் போக வேண்டும், பிளந்த வால் பின்னால் வர வேண்டும்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் செயினுக்கு இந்தக் கருவி தாங்குமா?

பதில்: தாங்காது. அதன் ரிவெட் இதைவிடத் தடிமன். மேற்கொண்டு அந்த வண்டிகளை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 10 ஸ்பீடு கருவி 12 ஸ்பீடுக்கு ஆகுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஊசி வளைந்துவிட்டது, என்ன காரணம்?

பதில்: மையம். நான்காவது கேள்வியின் பதில்.

கேள்வி: ரிவெட்டை முழுதாக வெளியே தள்ளிவிட்டேன். திரும்ப உள்ளே ஏற்றலாமா?

பதில்: எத்தனை ஸ்பீடு என்று முதலில் எழுதுங்கள்.