கன்னியாகுமரி: தலையை எண்ணினால் வராத கணக்கு

அன்புள்ள ஐயா,

சமீபத்திய கட்டுரை ஒன்றில் போகிற போக்கில் "குமரி எப்போதும் தனி வழி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அலுவலக நண்பர்களிடம் இதைச் சொன்னேன். "இதில் என்ன அதிசயம்? பாதி இந்து, பாதி கிறிஸ்தவர், தலையை எண்ணினால் ரிசல்ட் தெரிந்துவிடும்" என்றார்கள். உண்மையிலேயே அவ்வளவுதானா? 2014-இல் தமிழ்நாடே அம்மா பக்கம் போனபோது அங்கே மட்டும் பாஜக ஜெயித்தது, அடுத்த தேர்தலிலேயே இரண்டரை லட்சம் ஓட்டில் தோற்றது. இது எப்படி? கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்வதை எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த எண்களைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எழுபது வருஷமாக இந்த மக்கள் யோசித்துப் போட்ட ஓட்டை அந்த ஒரு வரி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது என்பதால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். முதலில் 2014-ஐப் பார்த்துவிடுவோம், அப்புறம் பழைய கதைக்குப் போகலாம்.

2014-இல் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணன் (இங்கே பொன்னார் என்பார்கள்) வாங்கியது 3,72,906 ஓட்டு. இரண்டாவதாக வந்த காங்கிரஸின் வசந்தகுமாருக்கு 2,44,244. அந்தத் தேர்தலில் காங்கிரஸோடு யாரும் சேரவில்லை, தனியாக நின்றது. திமுக தனி, அதிமுக தனி, இடதுசாரிகளும் தனி. மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் நின்றார், கூடங்குளம் போராட்டத்தின் உதயகுமார் ஆம் ஆத்மி சார்பில் நின்றார். அதிமுகவுக்கு ஒன்றே முக்கால் லட்சம், திமுகவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அதாவது பாஜகவுக்கு விழாத ஓட்டு ஐந்தரை லட்சத்தைத் தாண்டும், ஆனால் அது நான்கைந்து துண்டாகக் கிடந்தது. தமிழ்நாட்டில் அதிமுக 37 இடம் ஜெயித்த வருஷம் அது, மிச்சம் இரண்டில் ஒன்று தர்மபுரி, இன்னொன்று எங்கள் தொகுதி.

2019-இல் அதிமுக பாஜக கூட்டணிக்கு வந்தது. காகிதத்தில் கூட்டிப் பாருங்கள், முந்தைய தேர்தலின் 3,72,906-உடன் அதிமுகவின் ஒன்றே முக்கால் லட்சத்தைச் சேர்த்தால் ஐந்தரை லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கிடைத்தது 3,67,302. ஐயாயிரத்துச் சொச்சம் குறைந்துதான் போயிற்று! எதிரில் திமுகவும் இடதுசாரிகளும் சேர்ந்த கூட்டணியில் வசந்தகுமாருக்கு 6,27,235. எல்லோரும் "பாஜக சரிந்தது" என்று எழுதினார்கள். சரியவே இல்லை, அவர்களுடைய ஓட்டு அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம் சிதறிக் கிடந்தது ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அதிமுக ஓட்டில் பெரும்பகுதி கட்சி காட்டிய பக்கம் போகவில்லை என்பது என் கணிப்பு. கடற்கரையில் எம்ஜிஆர் காலத்திலிருந்து இரட்டை இலைக்குப் போட்டுவந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு, அவர்களைத் தாமரைக்குப் போடச் சொன்னால் போடுவார்களா?

2020 ஆகஸ்டில் வசந்தகுமார் கொரோனாவில் இறந்தார். 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல் நடந்தது. அவர் மகன் விஜய் வசந்த் 5,76,037, பொன்னாருக்கு 4,38,087. இந்த ஒரு முறைதான் பாஜக எண்ணிக்கை நன்றாக ஏறியது. அதிமுக வேட்பாளர்களும் அதே நாளில் தங்கள் சட்டமன்றத் தொகுதிகளுக்காக ஓடியாடிக்கொண்டிருந்ததால் பூத் வேலை சேர்ந்து நடந்தது என்று நினைக்கிறேன். 2024-இல் அதிமுக மறுபடி தனியே நின்றது, பாஜக 3,66,341-க்குத் திரும்பியது. அதிமுக நாம் தமிழருக்கும் பின்னால் நான்காம் இடத்துக்குப் போனது.

2014, 2019, 2024 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3.73 லட்சம், 3.67 லட்சம், 3.66 லட்சம். இந்தப் பத்து வருஷத்தில் ஒரு பக்கம் பாறை மாதிரி அசையாமல் இருக்கிறது. மறுபக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் ஜெயிப்பதையும் தோற்பதையும் முடிவு செய்கிறது. 1999-இல் திமுக கூட்டணி பலத்தில் பொன்னார் ஜெயித்ததும், 2004-இல் அதே திமுக காங்கிரஸ், இடதுசாரிகள் பக்கம் போனதும் மார்க்சிஸ்ட் பெல்லார்மின் அவரைத் தோற்கடித்ததும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு கம்யூனிஸ்டை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதியை மதக்கணக்கு என்று எப்படிச் சுருக்குவது?

இனி பழைய கதை. முதல் பொதுத்தேர்தலின்போது நாங்கள் சென்னை மாகாணத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். நாகர்கோவில் தொகுதியில் ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி, கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அந்தக் கட்சியின் ஒரே கோரிக்கை தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்பது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டம், புதுக்கடைப் பகுதியில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தன. அப்போது சென்னையில் முதல்வர் காமராஜர்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். சென்னை மாகாணத்தில் திராவிட இயக்கம் வேர் பிடித்த காலத்தில் நாங்கள் வேறொரு அரசின் கீழ் இருந்தோம். இங்கே தமிழுக்காகச் சண்டை போட்டது காங்கிரஸ் பெயரைச் சுமந்த ஒரு கட்சி. சாதிக்கொடுமைக்கு எதிரான பெரிய அலைகள் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் வழியாகவும், பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் வழியாகவும் மிஷன் பள்ளிக்கூடங்கள் வழியாகவும் வந்துபோயிருந்தன. திராவிடக் கட்சிகள் வந்து சேர்ந்தபோது அவர்கள் பேசவேண்டியதில் பாதியை வேறு யாரோ பேசி முடித்திருந்தார்கள். இந்த நாடாளுமன்றத் தொகுதியை அதிமுக இன்றுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, திமுக ஒரே ஒரு முறை, 2009-இல் ஹெலன் டேவிட்சன். 2016-இல் ஜெயலலிதா மறுபடி ஆட்சியைப் பிடித்தபோதும் எங்கள் ஆறு சட்டமன்றத் தொகுதியில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை, மூன்று திமுக, மூன்று காங்கிரஸ்.

1957-இல் தாணுலிங்க நாடார், 1962, 1967 இரண்டிலும் நேசமணி, எல்லாம் காங்கிரஸ். 1968-இல் நேசமணி காலமானார். அதற்கு முந்தைய வருஷம்தான் விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றிருந்தார். அண்ணா முதல்வர், திமுக உச்சத்தில் இருக்கிறது, காமராஜர் கதை முடிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த நேரத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்றார். 1969 ஜனவரி. எதிரில் மத்தியாஸ் என்ற கிறிஸ்தவ வேட்பாளர், அவருக்கு ஆளும் திமுகவின் ஆதரவு. உங்கள் நண்பர்கள் சொல்லும் தலைக்கணக்கின்படி என்ன நடந்திருக்க வேண்டும்? காமராஜர் 1,28,201 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எந்தச் சபையில் பெயர் இருக்கிறது, எந்தக் கோயிலில் விளக்கு வைக்கிறோம் என்று பார்த்துப் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் வரவே வராது.

1971-இல் திமுகவும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து தமிழ்நாட்டின் 39-இல் 38-ஐ அள்ளிக்கொண்டு போனபோது தப்பிய ஒரே தொகுதி நாகர்கோவில், ஜெயித்தது மறுபடி காமராஜர். என்னைக் கேட்டால் இந்தத் தொகுதியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது. சொந்த ஊர் கைவிட்ட ஒரு மனுஷனை இரண்டு முறை தூக்கி நிறுத்தினார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பரளியாற்றுக்கு மேலே அவ்வளவு உயரத்தில், உயரமான தூண்களின் மேல் ஒரு கால்வாயே போகிறது, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர். காமராஜர் காலத்துத் திட்டம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து விவசாயி அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் திருப்பி விட்டவர், அவருக்கு வேட்பாளரின் ஜாதகம் தேவைப்படவில்லை.

அதற்குப் பின் 1977-இல் குமரி அனந்தன். 1980 முதல் 1998 வரை தொடர்ந்து ஆறு முறை டென்னிஸ், நான்கு முறை காங்கிரஸ், இரண்டு முறை தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்). இந்தக் காலத்தின் நடுவில் 1982-இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்தது. மாவட்டத்தின் நெஞ்சில் விழுந்த அடி அது. இந்து முன்னணி வேரூன்றியதும், முன்னாள் காங்கிரஸ் எம்.பி. தாணுலிங்க நாடாரே அதன் தலைவரானதும், 1996-இல் தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. பத்மநாபபுரத்திலிருந்து வந்ததும் எல்லாம் அதன் தொடர்ச்சி. மதம் ஓட்டில் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். நான் மேலே பாறை என்று சொன்ன ஓட்டின் கணிசமான பகுதி அந்தக் காயத்திலிருந்து வந்தது. ஆனால் கலவரம் நடந்த இரண்டே வருஷத்தில் வந்த தேர்தலிலும் டென்னிஸ்தான் ஜெயித்தார்.

இன்னொன்று, கிறிஸ்தவர் என்பதும் இந்து என்பதும் இங்கே ஒரே மூட்டை கிடையாது. ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று சபைகள் வேறு, கடற்கரை ஆர்.சி.யும் மேற்கே ரப்பர் தோட்டத்து ஆர்.சி.யும் வேறு. இந்துக்களிலும் நாடார், நாயர், வெள்ளாளர், பட்டியல் சாதியினர், அய்யாவழிக்காரர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நினைவு. 2017 நவம்பர் 30-இல் ஒகி புயல் வந்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர் பக்கத்து மீனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அதோடு துறைமுகம் இனயத்திலா, கோவளம்-மணக்குடியிலா என்று ஒரு திட்டம், கடற்கரை முழுக்க எதிர்ப்பு. 2019-இல் கடற்கரை ஒரே பக்கமாகத் திரும்பியதை "கிறிஸ்தவ ஓட்டு" என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநியாயம். அதே சமயம் மார்த்தாண்டம் மேம்பாலத்தைக் கொண்டுவந்ததற்காகப் பொன்னாருக்குப் போட்டதாகச் சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதுவும் நியாயமான காரணம்தான்.

பழைய எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2009-க்கு முன் தொகுதியின் பெயர் நாகர்கோவில், கன்னியாகுமரி சட்டமன்றப் பகுதி அப்போது திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தது. தொகுதி எல்லைகளை மாற்றிய சீரமைப்பில்தான் அது இங்கே வந்தது, திருவட்டார் என்ற சட்டமன்றத் தொகுதி இல்லாமல் போயிற்று. அதனால் 2004-ஐயும் 2009-ஐயும் நேராக ஒப்பிட முடியாது.

நண்பர்கள் இன்னும் நம்பவில்லை என்றால் தேர்தல் அதிகாரி வெளியிடும் ஃபார்ம் 20-ஐ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூத் வாரியாக ஒவ்வொருவருக்கும் விழுந்த ஓட்டு அதில் இருக்கும். 2019-க்கும் 2024-க்கும் கிள்ளியூர், விளவங்கோடு, நாகர்கோவில் மூன்றை மட்டும் பக்கத்தில் வைத்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.