மூன்றாவது நீட் வேண்டாம், அவளைத் தோட்டக்கலைக்கு அனுப்புங்கள்

ஐயா, மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் எட்டவில்லை. ஜார்ஜியாவுக்கு அனுப்பு, நிலத்தை அடமானம் வை என்று மைத்துனர் நெருக்குகிறார். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். அந்த நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தாலும், இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அதில் தேறாதவர்கள்தான் அதிகம். அதுவும் அவளே கேட்காத படிப்புக்கு!

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி. மொட்டை மாடியில் கோலியஸ் என்ற வண்ண இலைச் செடியின் விதை போட்டு, முளைத்ததில் வேறு நிறம் காட்டும் நாற்றுகளை மட்டும் தனித் தொட்டியில் வைக்கிறாள், குறிப்பும் எழுதுகிறாள் என்கிறீர்கள். அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட்டீர்கள். புதுச் செடி ரகம் உருவாக்குகிறவர்களின் முதல் வேலையே அதுதான்.

நர்ஸிங், பார்மசி, பயோடெக் எல்லாம் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்குள் வளர்க்கும் அழகு இலைச் செடிகளுக்குப் பின்னால் பெரிய அறிவியல் இருக்கிறது. நர்சரிகளில் விற்கும் சிவப்பு அக்லோனிமாவைப் பார்த்திருப்பீர்கள். இந்தோனேசியாவின் போகோரில் கிரெகோரி ஹம்பாலி என்ற தாவரவியலாளர், சுமத்ராக் காட்டுச் செடியான அக்லோனிமா ரொட்டண்டத்தைக் கலந்து 'பிரைட் ஆஃப் சுமத்ரா' ரகத்தை உருவாக்கியபோதுதான் அந்தச் சிவப்புக்கு வழி பிறந்தது. கலப்பது சுலபமில்லை. இந்தச் செடியின் பூங்கதிரில் அடியில் இருக்கும் பெண் பூக்கள் முதலில் தயாராகும். மேலே உள்ள ஆண் பூக்கள் அப்புறம்தான் மகரந்தம் விடும். ஆகவே முன்பே மலர்ந்த வேறொரு கதிரிலிருந்து மகரந்தத்தை எடுத்துத் தூரிகையால் தடவ வேண்டும். ஈரப்பதம் குறையாமல் மூடி வைக்க வேண்டும். எல்லாச் செடிகளும் ஒரே சமயத்தில் பூக்க ஜிப்ரலிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனைத் தெளிப்பதும் உண்டு. பழம் சிவந்ததும் விதையைக் காயவிடாமல் விதைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான நாற்றுகளில் பெரும்பாலானவை தூக்கிப் போட வேண்டியவை. தேறிய ஒன்றிரண்டைப் பதியம் போட்டு, நிறம் நிலைக்கிறதா என்று பார்த்து, திசு வளர்ப்பில், அதாவது ஆய்வுக்கூடத்தில் செடியின் சிறு துண்டிலிருந்து ஏராளமான கன்றுகளாகப் பெருக்கிச் சந்தைக்குக் கொண்டுவர ஏழெட்டு வருடம்கூட ஆகலாம்.

மணி பிளான்ட் இன்னொரு விதம். அது சாதாரணமாகப் பூப்பதே இல்லை. பூக்கத் தூண்டும் அதே ஜிப்ரலின் ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக இயங்குவதில்லை என்று 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் வழக்கமான கலப்பு எளிதில்லை. கிளையில் தானாக வரும் மாற்றத்தைக் கண்ணில் பிடிப்பதுதான் வழக்கமான வழி. வெள்ளைத் திட்டு இலையோடு வரும் 'என்ஜாய்' ரகம் அப்படி நம் நாட்டில் 'மார்பிள் குயின்' என்ற மணி பிளான்ட் ரகச் செடி ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்டு, அமெரிக்கத் தாவரக் காப்புரிமையும் பெற்றது. உங்கள் மகள் மாடியில் தேடுவதும் இதே மாதிரி ஒரு மாற்றத்தைத்தான்.

நீட்டுக்காக உயிரியல் படித்தவள், பி.எஸ்சி. தோட்டக்கலைக்குத் தகுதியானவள். நான்கு வருடம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோவை, பெரியகுளம் கல்லூரிகளை முதலில் போடுங்கள். சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான். அப்புறம் முதுநிலையில் மலரியல் அல்லது பயிர் இனப்பெருக்கம். இணைப்பு பெற்ற தனியார் கல்லூரிகளில் கட்டணம் கூடும். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

புது ரகம் உருவாக்குவதற்கென்றே இருக்கும் வேலைகள் குறைவு. முதல் சில வருடம் திசு வளர்ப்புக் கூடத்திலோ பெரிய நர்சரியிலோ சம்பளத்துக்கு இருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ரகத்தைப் பதிவு செய்ய நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; மரம், கொடி அல்லாத செடிகளுக்கு 15 வருடப் பாதுகாப்பு. ஆனால் அறிவிக்கப்பட்ட இனங்களுக்கு மட்டும்தான், அதனால் எந்தச் செடியில் உழைப்பது என்று தீர்மானிக்கும் முன்பே பட்டியலைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு செலவையும் தடுக்கிறேன். அவளுக்கு ஆர்வம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை போட்ட 'அபூர்வ' செடிகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். 'பிங்க் காங்கோ' என்று ஃபிலோடென்ட்ரான் வகை அழகு இலைச் செடி ஒன்றை இளஞ்சிவப்பு இலையோடு விற்றார்கள். சில மாதங்களில் புதிதாக வந்த இலையெல்லாம் வெறும் பச்சை. வெள்ளைத் திட்டு இலை கொண்ட மான்ஸ்டெரா செடியும் திசு வளர்ப்பில் பெருகியதும் விலை இறங்கிவிட்டது. கோலியஸும் குரோட்டன்ஸும் அவள் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

இந்த வாரமே பல்கலைக்கழக இணையதளத்தில் விண்ணப்பத்தைத் திறந்து, கல்லூரி வரிசையை அவளையே நிரப்பச் சொல்லுங்கள். சான்றிதழ்களோடு நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.