கேள்வியில் 'பகுத்தாய்க' என்று போட்டால் போதுமா?

கேள்வி: தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் வணிகவியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவர்கள் அறுபது பேரின் பகுப்பாய்வுத் திறனையும் விமர்சனச் சிந்தனையையும் அளந்து, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் குழு வருவதற்குள் அறிக்கை தருமாறு, கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யில் கேட்கிறார்கள். தனியார் நிறுவனம் ஒன்று தலைக்கு 300 ரூபாய்க்கு இணையவழித் தேர்வு நடத்திச் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? எங்கள் வினாத்தாளில் இருக்கும் கே4, கே5 வினாக்களே போதாதா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் வினாத்தாளும் அநேகமாகப் போதாது.

கே1 முதல் கே6 வரையிலான சிந்தனை நிலைகள், பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வெளியிட்டு, பிறர் 2001இல் திருத்திய வகைப்பாட்டிலிருந்து வந்தவை. நினைவுகூர்தலில் தொடங்கிப் படைத்தலில் முடியும் அந்த வரிசையில் நான்காவது பகுத்தாய்தல், ஐந்தாவது மதிப்பிடுதல். நம் கல்லூரிகளில் நடப்பது என்னவென்றால், வினைச்சொற்களின் பட்டியலைப் பார்த்து 'விவரி' என்பதை அடித்துவிட்டுப் 'பகுத்தாய்க' என்று எழுதுகிறார்கள். பாடத்திட்டக் குழுவும் கையெழுத்திட்டுவிடுகிறது. 'பணவீக்கத்தின் காரணங்களைப் பகுத்தாய்க' என்ற வினாவுக்குக் கைடில் ஏழு காரணங்கள் வரிசையாக இருக்கும்போது, அதை மனப்பாடம் செய்து எழுதும் மாணவர் செய்வது வெறும் கே1 வேலைதான். தேர்வறைக்குள் நுழையும் முன்பே மாணவர் இந்த விடையைப் பார்த்திருக்க முடியுமா என்று ஒவ்வொரு வினாவிடமும் கேளுங்கள். முடியும் என்றால் அது நினைவாற்றல் வினா.

எனவே மாணவர் இதுவரை பார்த்திராத ஒரு சூழலைக் கொடுங்கள். ஒரு ஜவுளிக் கடையின் இரண்டு ஆண்டுக் கணக்கை நீங்களே தயாரிக்கலாம். லாபம் 4 லட்சத்திலிருந்து 6 லட்சமாகிறது; ஆனால் அதில் 3 லட்சம் பழைய கிடங்கு மனையை விற்றதால் வந்தது. விற்பனை 40 லட்சத்திலிருந்து 44 லட்சமாகிறது. வர வேண்டிய கடன் பாக்கியோ 5 லட்சத்திலிருந்து 11 லட்சமாகிறது. கூடவே 'லாபம் 50 சதவீதம் உயர்வு, பங்குதாரராக வாருங்கள்' என்ற உரிமையாளரின் துண்டறிக்கையையும் வைத்து, உங்கள் அத்தை இதில் 2 லட்சம் போடலாமா என்று இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மனை விற்றதில் வந்த லாபத்தைக் கழித்துவிட்டு, வியாபார லாபம் உண்மையில் 3 லட்சமாகக் குறைந்திருப்பதைக் காண்பது பகுப்பாய்வு. துண்டறிக்கையை எழுதியவருக்கு என்ன ஆதாயம், கணக்கில் காட்டப்படாதது எது, இன்னும் எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று யோசிப்பது விமர்சனச் சிந்தனை. வகுப்பிலேயே, கைபேசி இல்லாமல், ஒரு மணி நேரத்தில் எழுதட்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நீங்கள் சாட்ஜிபிடியைத்தான் அளப்பீர்கள்.

திருத்துவதற்கு, அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009இல் வெளியிட்ட 'வேல்யூ' மதிப்பீட்டு அட்டவணையைத் தழுவிக்கொள்ளலாம். சிக்கலை விளக்குதல், சான்றுகளைக் கையாளுதல், சூழலையும் அனுமானங்களையும் உணர்தல், தன் நிலைப்பாடு, முடிவு என்று ஐந்து கூறுகளும், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைகளும் அதில் உண்டு. 'போடலாம்' என்று எழுதியவருக்கும் காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் தர வேண்டும். விடைக்குறிப்பில் இல்லாத விடைக்குச் சுழியம் போட்டே பழகிய நம் மதிப்பீட்டு முகாம்களில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் கைவராது. ஆகவே இருவர் தனித்தனியே திருத்துங்கள். ஒரு நிலைக்கு மேல் வேறுபட்டால் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

இப்போது அந்த நிறுவனத்துக்கு வருகிறேன். இவர்களில் பலர் விற்பது வேலைவாய்ப்புத் தேர்வுகளில் வரும் இரத்த உறவு, இருக்கை வரிசை, எண் தொடர் வினாக்களையே. அவை பயிற்சியால் வேகம் கூடும் புதிர்கள். ஒரு துண்டறிக்கையைச் சந்தேகிக்கும் புத்தியை அவை தொடுவதே இல்லை. இரண்டாவது தந்திரம், பருவத் தொடக்கத்தில் கடினமான தேர்வும் இறுதியில் எளிதான தேர்வும் வைத்து, முன்னேற்றம் என்று வரைபடம் போட்டுத் தருவது. விமர்சனச் சிந்தனையை அளக்கும் வாட்சன்-கிளேசர் போன்ற பெயர்பெற்ற தேர்வை 'அடிப்படையாகக் கொண்டது' என்பார்கள். உரிமம் பெற்றதா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஒரே மாணவர் இரண்டு வாரம் கழித்து எழுதினால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருமா, அதற்கு ஆதாரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்; அநேகமாக அதோடு தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும். மாணவர்களின் கைபேசி எண்களைப் பதிவுக்காக வாங்கிப் பயிற்சி மையங்களுக்குக் கைமாற்றுவோரும் உண்டு. அதற்கு ஒப்புதல் தர உங்களுக்கு உரிமை இல்லை. நாக் ஆலோசகர் என்று அட்டை அடித்துக்கொண்டு, இலக்குச் சதவீதத்தைக் குறைத்து, பாடங்களின் கற்றல் விளைவுகள் எல்லாமே எட்டப்பட்டதாகக் காட்டும் எக்செல் கோப்பை விற்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து ஆங்கில வழியில் சேர்ந்த மாணவர், மேற்சொன்ன கணக்கின் ஓட்டையை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, அதை ஆங்கிலத்தில் எழுத முடியாமல் மூன்று வரியோடு நிறுத்திவிடுவார். நீங்கள் அவருக்குக் கீழ்நிலை மதிப்பெண் இடுவீர்கள். அறிக்கையில் அது சிந்தனைக் குறைவாகப் பதிவாகும். ஆங்கில வழிப் படிப்பிலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு யு.ஜி.சி. தலைவர் 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டார். ஆகவே தமிழில் எழுதலாம் என்று வினாத்தாளின் மேலேயே அச்சிடுங்கள். தாளைக் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள், ஏனெனில் தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம் அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்துபவர் இருவரும் தமிழ் வாசிப்பவர்களாக இருக்கட்டும். அப்போதும் தாள் வெறுமையாக இருந்தால் அவரை அழைத்துப் பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டு, அதே அட்டவணையில் மதிப்பிட்டு, வாய்மொழி என்று குறித்துவையுங்கள்.

அறிக்கையில் அறுபது பேருக்கும் ஒரே சராசரியைப் போட்டு முடித்துவிடாமல், ஐந்து கூறுகளில் எந்தெந்த நிலையில் எத்தனை பேர் என்று தனித்தனியே காட்டுங்கள். அனுமானங்களை உணரும் கூறில் பலர் அடிநிலையில் இருப்பார்கள் என்றே எதிர்பார்க்கிறேன். மறைக்காமல் எழுதி, அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்தில் என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்பதைக் கீழே சேருங்கள். பெயர் நீக்கிய விடைத்தாள் நகல்கள் சிலவற்றையும் கோப்பில் வையுங்கள். ஐ.க்யூ.ஏ.சி.யில் வண்ண வரைபடம் இல்லையே என்று கேட்டால், அதை எக்செல்லில் காசில்லாமலே போட்டுக்கொடுக்கலாம்.